நாற்பது நாள் வீரன்

மலேசியாவின் பொந்தியானில் டெஸ்மண்டைக் கேட்டால், சிகரெட்டை நிறுத்துவதெல்லாம் சுண்டைக்காய் வேலை என்பான். வருஷா வருஷம் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு நிறுத்திவிடுவான். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு இழுப்புகூடக் கிடையாது. ஈஸ்டர் பூசை முடிந்து வீடு வந்ததும் பற்றவைப்பான். இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்து.

அந்த நாற்பது நாளும் உண்மையில் தவம் இருந்தது வீட்டில் உள்ளவர்கள்தான். குழம்பில் உப்பு ஏறினால் தட்டு பறக்கும். அதனால் ஈஸ்டர் காலையில் அவன் மனைவி கெர்ட்ரூட், கோழிப் பிரட்டலுக்குப் பக்கத்தில் ஒரு புது சிகரெட் பெட்டியையும் வைத்துவிடுவாள். மனுஷன் கத்தாமல் இருந்தால் போதும்.

டெஸ்மண்ட் பக்கத்து ஊர் பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றும் லோரி ஓட்டினான். இந்த ஜனவரியில் இடது கால் சுண்டுவிரல் கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

"புகை உங்க ரத்தக் குழாயை அடைச்சிருச்சு," என்றார் டாக்டர். "இன்னிக்கே நிறுத்துங்க. இல்லேன்னா அடுத்து காலு போகும்."

இடது கால் போனால் கிளட்சை மிதிக்க முடியாது. லோரியை விட்டால் அவனுக்கு வேறு வேலையும் தெரியாது.

"தவக்காலம் வருதுல்ல, அப்ப நிறுத்திக்கிறேன் லா," என்றான் வீட்டுக்கு வந்து.

"காலு காலண்டர் பாத்தா அழுகும்?" என்றாள் கெர்ட்ரூட்.

திருநீற்றுப் புதன் வரும்வரை ஊதித் தள்ளினான். புதனன்று, சொன்னபடி நிறுத்தினான். குருத்தோலை ஞாயிற்றுக்குள் புண்ணில் சிவப்பாகச் சதை பிடிக்க ஆரம்பித்தது. கட்டு மாற்றும்போது கெர்ட்ரூட்தான் முதலில் பார்த்தாள். கண் பட்டுவிடும் என்று வாயே திறக்கவில்லை.

ஈஸ்டர் காலையில் மேசையில் கோழிப் பிரட்டல் இருந்தது. பெட்டி இல்லை.

"எங்கடி?"

"வாங்கல."

"இருவத்திரெண்டு வருஷமா நீதானே வாங்கி வெச்ச? இப்ப என்ன புதுசா?"

"எனக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு. உங்களுக்கு எப்ப வருமோ!"

"நாப்பது நாள் இருந்து காட்டினேன்ல? நெனைச்சா நாளைக்கே விட்டுருவேன் கெர்ட்."

"அப்ப நாப்பத்தொண்ணாவது நாளும் இருந்து காட்டுங்க, நாப்பது நாள் வீரரே!"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிப் பக்கத்து வீட்டு லெஸ்லியிடம் போனான். லெஸ்லியும் லோரிக்காரன்தான். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலே புகை எழுந்தது. கெர்ட்ரூட் கோழியை மூடி வைத்தாள்.

ஒரு சிகரெட் ஒரு பெட்டியாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. மே மாதம் பாதம் கறுத்தது. ஜூனில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "முட்டி இருக்கா?"

"இருக்கு."

அதற்கப்புறம் அவன் சிகரெட்டைத் தொடவில்லை. நெற்றியில் சாம்பல் இல்லை, தவக்காலமும் இல்லை. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிறுத்தினான். ஜனவரியிலும் செவ்வாய்க்கிழமைகள் இருக்கத்தான் செய்தன.

பார்க்க வருகிறவர்களிடம் கெர்ட்ரூட் அவனைத் திட்டித் தீர்ப்பாள். தன் கையால் வாங்கி வைத்த இருபத்திரண்டு பெட்டிகளைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

அவன் லோரியை இப்போது லெஸ்லி ஓட்டுகிறான். சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போது கியர் மாற்றுவான். அந்தச் சத்தம் கேட்டதும், வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டெஸ்மண்டின் கைலிக்குள் இடது முட்டி சட்டென்று கீழே அழுந்தும்.