மார்க் ஷீட்டுக்கு பிளாஸ்டிக் போட்டேன்

நான் இரண்டாங் கிளாஸோடு நின்றவள். என் மகள் செல்வி டாக்டருக்குப் படிக்கிறாள். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

முதல் தடவை பத்தாவது எழுதியபோது அவள் சயின்ஸ் எடுக்கவில்லை. ஷ்வேப்யிதாவில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் நாலு வருஷம் நூல் வெட்டினாள். பிறகு வேலையை விட்டு, சயின்ஸ் படித்து, பத்தாவதை மறுபடி எழுதி, மெடிக்கலுக்கு வேண்டிய மார்க் வாங்கிவிட்டாள். இந்த நாட்டில் பத்தாவதுதான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை, அந்த மார்க்கை வைத்துத்தான் காலேஜில் எடுப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்காலம், நனைந்துவிடக் கூடாதே என்று அவளிடம் சொல்லாமல் மார்க் ஷீட்டைத் தாமுவே பஜாரில் லேமினேஷன் போட்டுவிட்டேன்.

மறுநாள்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். காலேஜ் ஆபீஸில் விண்ணப்பம் வாங்கிய சயாமா, அந்த டீச்சரம்மா, தாளைத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் முத்திரை குத்தணும் ஆன்ட்டி. பிளாஸ்டிக்கில் எப்படிக் குத்துறது?"

"அம்மா, என்னையும் சேர்த்து லேமினேஷன் பண்ணியிருக்கலாமே!" என்றாள் செல்வி.

வேலையை விட்டும் அவள் பையில் நூல் வெட்டும் கத்தரி கிடந்தது. அதை எடுத்து ஓரத்தை மெல்லப் பிரித்தாள். முந்தின நாள் கரண்ட் குறைவு, மெஷின் சரியாகச் சூடாகவில்லை போலிருக்கிறது. பிளாஸ்டிக் ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. தாள் முழுசாக வந்தது. சயாமா முத்திரை குத்திய பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

இப்போது மூன்றாம் வருஷம். அவளைக் கேட்காமல் ஒரு காகிதத்தையும் நான் தொடுவதில்லை. டாக்டர் பட்டம் வரட்டும், ஃப்ரேம் போடுவேன். பின்பக்கம் திறக்கிற ஃப்ரேம்.