அன்றைக்குப் போடாத சுவிட்ச்

காந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் பிரஸ்காரர் என்பார்கள். ஸ்பீக்கருக்குப் போகும் ஃபெரைட் வளையங்களை அச்சில் அழுத்துவது அவர் வேலை. அச்சில் ஊற்றும் கறுப்புக் காந்தச் சேற்றில் இருக்கும் துகள் ஒவ்வொன்றும் ஒரு அறுகோணச் சில்லு. அச்சைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் விட்டு அழுத்தினால் சில்லுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். உலையில் வெந்த பிறகு அவற்றை யாராலும் திருப்ப முடியாது.

ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் சுருளின் சுவிட்சைப் போட மறந்துவிட்டார். வளையங்கள் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தன. சோதனையில் பாதி இழுவைகூட இல்லை. உலைச் சூடு தப்பிவிட்டதென்று மேனேஜர் உலைக்காரனைக் கிழி கிழியென்று கிழித்தார். உலைக்காரன் வேறு யாருமில்லை, பிரஸ்காரர் மனைவியின் தம்பி. சுவிட்சைப் போடாதது பிரஸ்காரருக்கு அப்போதுதான் உறைத்தது; பக்கத்திலேயே நின்றும் பெரிய மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

சாயந்திரம் மச்சான் வீட்டுக்கு வந்தான். “சூட்டைச் சரியாத்தான் வெச்சேன் அத்தான். நீங்களாவது நம்புறீங்களா?”

“நம்புறேன்டா” என்றார்.

இப்போதெல்லாம் மச்சான் உலையை விட்டு நகர்வதில்லை. டீயைக்கூட அங்கேயே குடிக்கிறான். பிரஸ்காரர் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார். போனால் காதில் விழுந்துவிடும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறான்: “அன்னைக்கு என்னை நம்பினது எங்க அத்தான் ஒருத்தர்தான்.”