விளக்கைத் தேய்த்த பெல்ட்

எங்கள் கம்பெனியில் பழைய இரும்பை உருக்கிப் புது இரும்பு வார்க்கிறார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அப்படி நிறைய கம்பெனி உண்டு. நான் லேப்பில் ஹெல்பர்.

வேலை இதுதான். ஃபர்னஸில் இரும்பு உருகியதும் ஒரு கரண்டி மொண்டு சின்ன அச்சில் ஊற்றுவார்கள். உள்ளங்கையில் அடங்குகிற வட்டத் துண்டு வரும். அதைத் தண்ணீரில் ஆற்றி, கிடுக்கியில் பிடித்துக்கொண்டு லேப்புக்கு ஓடி வருவார்கள். ஓடுகிற உப்புத்தாள் பெல்ட்டில் அதன் முகத்தைத் தேய்த்து மட்டமாக்கி மெஷினில் வைப்பேன். பட்டனை அழுத்துவது கெமிஸ்ட். இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் வந்துவிடும். சரி என்று அவர் சொன்னால்தான் அங்கே இரும்பை ஊற்றுவார்கள். அதுவரை ஃபர்னஸ் காத்திருக்கும்.

மெஷினுக்குள் ஒரு ஊசி இருக்கிறது. ஊசிக்கும் துண்டுக்கும் நடுவே கரண்ட் பொறியாகத் தாவும். மூடிய பெட்டிக்குள் தேனீக் கூட்டம் இரைகிற மாதிரி சத்தம் வரும். வந்த புதிதில் நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

கெமிஸ்ட் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன். வீட்டில் நெல் வயல் உண்டு. பைக்கில் வருவார். என்னை அக்கா என்பார், நான் சார் என்பேன். ஒருநாள் அவரே சொன்னார்.

"ஃபர்னஸ்ல இரும்பு தண்ணியா ஆவுதில்ல. இங்க பொறி படுற எடத்துல அதவிட சூடுக்கா. ஒரு குண்டூசி தல அளவுதான் எடம். ஆனா அங்க இரும்பு தண்ணியும் இல்ல, ஆவியும் இல்ல. அதையும் தாண்டி ஒண்ணா ஆயிடுது. பிளாஸ்மான்னு பேரு."

"வெல்டிங்ல எரியுதே, அதுவா?"

"அதே குடும்பம்தான். அந்தச் சூட்டுல ஒவ்வொரு உலோகமும் அதுக்குன்னு ஒரு வெளிச்சம் போடும். இரும்புக்கு வேற, செம்புக்கு வேற. மெஷின் அத்த தனித்தனியா பிரிச்சு எண்ணிடுது."

"நாம பாக்க முடியாதா சார்?"

"பாதி வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. பாக்கவும் கூடாது. கண்ணு போயிடும்."

அது எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் வெல்டர். ஒரு தடவை கண்ணாடி போடாமல் வேலை செய்துவிட்டு, கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி இருக்கிறது என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தார்.

என் நாத்தனார் இதே கம்பெனியில் ஸ்கிராப் யார்டில் பொறுக்குகிறவள். நான்தான் மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்தேன். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒரே ஒரு பையோடு எளாவூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலை இருக்கிற வரைக்கும் இங்கே இருக்கட்டும், இல்லையென்றால் அவன் வீட்டிலேயே கொண்டுபோய் விடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. வீடு சின்னது.

யார்டுக்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். அதில் மோட்டார் காயில், ஒயர், பித்தளைக் குழாய் எல்லாம் கலந்திருக்கும். அதையெல்லாம் பொறுக்கி வெளியே போட வேண்டும். செம்பு உருகி இரும்போடு சேர்ந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. கசடாக மேலே வராது. அந்த இரும்பைக் கம்பியாக உருட்டினால் வெடிப்பு விடும். லேப்புக்கு வருமுன் நானும் அங்கே இரண்டு வருஷம் பொறுக்கியவள். கையில் எடுத்தால் எது செம்பு எது பித்தளை என்று தெரியும்.

போன புரட்டாசியில், ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், நாத்தனார் பொறுக்கி முடித்த குவியலில் ஒரு மோட்டார் காயில் கிடைத்தது. ஃபர்னஸுக்குள் போகவில்லை. ஆனால் மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சு, டிபன் டப்பாவ எடுத்துக்கினு கெளம்பிக்கினே இரு."

அவள் அதற்கப்புறம் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். வீட்டில் அரிசி பொறுக்கும்போதும் அப்படியே பார்த்தாள்.

ஆயுத பூஜை அன்று காலையில் ஒரே ஒரு ஹீட். ஒரு தடவை உருக்குவதை ஹீட் என்போம். அது முடிந்ததும் ஃபர்னஸை நிறுத்தி, ஷெட்டைக் கழுவி, மத்தியானத்துக்கு மேல் பூஜை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் சாமி படம் உண்டு. லேப்பில் படத்தோடு ஒரு சின்னப் பித்தளை விளக்கும் உண்டு. வருஷம் முழுக்க அலமாரியில் கிடக்கும். அன்றைக்கு எடுத்தபோது கருத்து, இடுக்கில் பச்சை பிடித்திருந்தது.

வழக்கமாகக் கேன்டீனில் புளி வாங்கித் தேய்ப்பேன். அன்று கேன்டீன் பூட்டியிருந்தது. எட்டு மணிக்கு, மெஷினைச் சோதிக்கிற துண்டை பெல்ட்டில் தேய்த்துக் கொடுத்தேன். அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அதன் டப்பாவிலேயே எழுதியிருக்கும். மெஷினும் அதையே சொன்னால் மெஷின் சரி. சரியாகச் சொன்னது. கெமிஸ்ட் வெளிக் கடைக்கு நாஷ்டா பண்ணப் போனார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு கையில் இருந்தது.

வைத்துப் பார்த்தேன். ஒரு தொடுதலில் தங்கம் மாதிரி வந்துவிட்டது. ஒரு பக்கம் முடித்தேன். இன்னொரு பக்கம் திருப்புவதற்குள் ஃபர்னஸிலிருந்து துண்டு வந்தது. விளக்கை மேஜையில் வைத்துவிட்டு அதே பெல்ட்டில் துண்டைத் தேய்த்துக் கொடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கெமிஸ்ட் வந்து பட்டனை அழுத்தினார். எண்ணைப் பார்த்து நாற்காலியை முன்னால் இழுத்தார். துண்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து இன்னொரு தடவை பொறி அடித்தார். அப்புறம் காலையில் வைத்த சோதனைத் துண்டை எடுத்து, தேய்க்காமல் அப்படியே வைத்து அடித்தார். அது சரியாக வந்தது.

"மெஷின் சரியா கீதுக்கா. காப்பர்தான் ஜாஸ்தி. அளவுக்கு மேல ரெண்டு மடங்கு."

ஃபர்னஸுக்கு போனில் சொன்னார். ஊற்ற வேண்டாம் என்றார். ஐந்து நிமிஷத்தில் மேஸ்திரி வந்தார். பின்னால் நாத்தனார். முகத்தில் கட்டியிருந்த துணியைக் கூட அவள் அவிழ்க்கவில்லை. கையுறை கையிலேயே இருந்தது.

"பாத்துக்கோ. நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

"நான் பாத்துதான் போட்டேன் மேஸ்திரி. ஒரு ஒயரு கூட போவல."

"அப்ப செம்பு நடந்து வந்து உள்ள குதிச்சுச்சா?"

"எனக்கு இன்னா தெரியும்."

"தெரியாது. அதான் ஊட்டுக்குப் போன்னு சொல்றேன். பூஜ நாளுல பேஜாரு பண்ணாத."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, நீயாவது சொல்லு." மெஷின் பொய் சொல்லாது என்று அவளுக்கு வீட்டில் பெருமையாகச் சொன்னவளே நான்தான்.

அதற்குள் ஃபர்னஸ்காரரும் வந்துவிட்டார். வயசானவர், வேர்வையில் நனைந்திருந்தார். வாசலிலேயே நின்று பேசினார்.

"இன்னாபா, எவ்ளோ நேரம் புடிச்சு வெக்கறது? காப்பரா? ஒயரு போனா மேல பச்சையா எரியும். இன்னிக்கு நான் பாக்கலியே."

"நீ டீ குடிச்சுக்கினு இருந்திருப்ப," என்றார் மேஸ்திரி.

"பூஜ அன்னிக்கு எவன் குடுத்தான் டீ? கேன்டீனே பூட்டிக் கெடக்குது."

கெமிஸ்ட் யார் பேச்சையும் கேட்கவில்லை. திரையில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தார். "ஜிங்க்கும் கீது," என்றார், தனக்குத்தானே. "இது எப்படி? இந்த சூட்டுல ஜிங்க் நிக்காதே. வெள்ளப் பொகையா ஓடிப்புடுமே."

ஜிங்க் என்றால் துத்தநாகம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. யார்டில் இரண்டு வருஷம் பொறுக்கியவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். மேஜையைப் பார்த்தேன். விளக்கு ஒரு பக்கம் மின்னிக்கொண்டு, ஒரு பக்கம் கருத்து நின்றது. பெல்ட்டைப் பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஒரு பட்டை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்க ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. லேப்பில் ஃபேன் உண்டு. நாற்காலி உண்டு. யார்டில் வெயில்தான். ஐந்தாவது படித்தவளை லேப்பில் வைத்ததே பெரிசு. இப்போது சொன்னால் திரும்ப யார்டுக்கு. இல்லை, அதுவும் இல்லை.

நாத்தனார் கையுறையைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு விரலாக.

"சார், நான் அந்த பெல்ட்டுல விளக்கு தேச்சேன்."

"இன்னா விளக்குக்கா?"

கையைக் காட்டினேன். கெமிஸ்ட் விளக்கைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். எழுந்து போய் மஞ்சள் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்போ? துண்டு தேய்க்கறதுக்கு முன்னயா?"

"ஆமா சார்."

"சோதன துண்டு தேச்சது?"

"அது விளக்குக்கு முன்ன."

தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார். புதுசு மாட்டினார். ஃபர்னஸ்காரரிடம், "இன்னொரு துண்டு எடுத்துக்கினு வாங்க, சீக்கிரம்," என்றார். அவர் அந்த வயசிலும் ஓடினார்.

பழைய துண்டை நானே புது பெல்ட்டில் தேய்த்தேன். நன்றாக, ஆழமாக. இரண்டு கையாலும் கிடுக்கியைப் பிடித்தேன். துடைத்து, முகத்தில் விரல் படாமல் கொடுத்தேன். கெமிஸ்ட் பட்டனை அழுத்தினார். தேனீச் சத்தம். அது இவ்வளவு நேரம் இரையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாத்தனாருக்குத் திரையில் இருப்பதைப் படிக்கத் தெரியாது. கெமிஸ்ட் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பர் அளவுக்குள்ள. ஜிங்க் இல்ல."

புதுத் துண்டும் வந்தது. அதுவும் அப்படியே. கெமிஸ்ட் போனை எடுத்து, "ஊத்திக்கலாம்," என்றார். கொஞ்ச நேரத்தில் ஷெட்டில் கிரேன் மணி அடித்தது. இரும்பு ஊற்றப் போகிறார்கள் என்று அர்த்தம்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஊருல புளியே கெடைக்கலியா உனக்கு?"

விளக்கை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"ஒரு விளக்கத் தேய்ச்சு ஒரு ஹீட்டையே பொதைக்கப் பாத்தியே."

"தேச்சதும் அவங்கதான், சொன்னதும் அவங்கதான்," என்றார் கெமிஸ்ட். "சொல்லலன்னா எல்லாத்தையும் திரும்ப உருக்கிக்கினு இருப்போம். அவங்க லேப்புலயே இருக்கட்டும்."

மேஸ்திரி நாத்தனார் பக்கம் திரும்பினார். மன்னிப்பு எல்லாம் கேட்கிற ஆள் இல்லை. "இன்னா நின்னுக்கினு கீற? யார்டு கழுவ வேணாமா? போ." அவ்வளவுதான். அவள் கழற்றின கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஃபர்னஸ்காரர் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு ஃபர்னஸுக்கு நடந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கெமிஸ்ட் ரிஜிஸ்டரில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். துண்டு சரியாகத் தேய்க்கவில்லை, மறுபடி சோதித்தது என்று எழுதியிருந்தார். விளக்கைப் பற்றி எழுதவில்லை.

மத்தியானம் பூஜை. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். "மேல மட்டும் வைங்கக்கா, ஊசி பக்கம் போவாதீங்க," என்றார் கெமிஸ்ட். விளக்கின் இன்னொரு பக்கத்தை யாரும் தேய்க்கவில்லை. தேய்த்த பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்து ஏற்றினேன்.

சாயங்காலம் நானும் நாத்தனாரும் ஷேர் ஆட்டோவில் எளாவூர் திரும்பினோம். மடியில் பூஜைப் பொரி. பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அந்த ஒரு நிமிஷம் இன்னா அண்ணி யோசிச்சுக்கினு இருந்த?"

கவனித்திருக்கிறாள். சொன்னேன். ஃபேன், நாற்காலி எல்லாம்.

அவள் கொஞ்சம் பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். "நானா இருந்தா ரெண்டு நிமிஷம் யோசிச்சிருப்பேன்," என்றாள். பிறகு சிரித்தாள். "அண்ணன்கிட்ட சொல்லாத. நம்ம ஊட்டு விளக்கையும் அங்கயே தேச்சுக்கினு வரச் சொல்லும்."

நானும் சிரித்தேன். அவள் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். கடலையை எல்லாம் எனக்கு ஒதுக்கி வைத்திருந்தாள்.