கிணறு இல்லாத படம்

எங்கள் எதிர்வீட்டில் ஒரு துணைவேந்தர் இருக்கிறார். முன்னாள் என்று சேர்க்க வேண்டும். பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் இருந்தது. அந்த 'முன்னாள்' மேல் சூயிங்கம் ஒட்டி அவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தது யார் என்பது இந்தத் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பெயர் கோமதிநாயகம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். புவியியல் பேராசிரியர். இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தையே ஆண்டுவிட்டு வந்தவர், இப்போது காலையில் பாண் என்கிற எங்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார். பாண் கடை றிப்தி நானா ஒருநாள் கேட்டார்:

"துணைவேந்தர் எண்டா, சேர், நீங்க ஆருக்குத் துணை?"

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. வேந்தர், இணைவேந்தர், ஆளுநர் என்று ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்களின் பாண் ஆறிப்போனது.

எனக்கும் அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. "சேர், கடல் எந்தப் பக்கம்?" திருகோணமலையில் கையை எங்கே நீட்டினாலும் கடல்தான். அவரோ நின்று, வெயிலைப் பார்த்து, "கிழக்கே திறந்த கடல். தெற்கேயும் மேற்கேயும் துறைமுகம். நீ எதைம்மா கேக்குற?" என்பார். எத்தனை முறை கேட்டாலும் முதல்முறை கேட்டதுபோலவே பதில் சொல்வார். புவியியல் பாடத்தில் நான் தவறியதற்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைக்காததுதான் காரணம் என்று உம்மாவிடம் சொன்னேன். அவ நம்பவில்லை.

அவர் முதலில் இங்கே வந்தது சண்டை நின்றிருந்த இரண்டாயிரத்து மூன்றில். அப்போது வெறும் விரிவுரையாளர். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு மாவட்டத்தின் நிலப்படம் கீற வந்தார். வழிகாட்ட வந்த சிவாஜினி ரீச்சரைக் கலியாணம் கட்டிக்கொண்டு, படத்தையும் அவரையும் இந்தியாவுக்குக் கொண்டுபோனார். படம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. பிறகு பேராசிரியர் பதவி, அதன்பிறகு துணைவேந்தர் கதிரை. ரீச்சர் செத்த பிறகு அங்கே அவருக்கு ஒருவரும் இல்லை. அதனால் ரீச்சரின் வீட்டுக்கு வந்துவிட்டார். படம் சட்டம் போட்டு விறாந்தையில் தொங்கியது. தூசி தட்டுவது அந்தச் சட்டத்துக்கு மட்டும்தான்.

குச்சவெளிக்கு உள்ளே, சின்னம்மா முறையான என் சாச்சி ரபீக்காவுக்கு ஒரு வயல் இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டுமோ தெரியவில்லை. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஓடியபோது வயலும் கிணறும் அப்படியே கிடந்தன. காணி உறுதிப் பத்திரம் வீட்டோடு எரிந்தது. திரும்பி வந்து வயலை மூடிய பற்றைப் புதரை வெட்டத் தொடங்கியபோது ஒரு அரசாங்கத் திணைக்களம் எல்லைக்கல் நட்டு, காடழித்தாய் என்று சாச்சியை விசாரணைக்குக் கூப்பிட்டது. எந்தத் திணைக்களம் என்று எழுதினால் எங்கள் முற்றத்திலும் கல் நடுவார்கள். அவர்களிடம் இருந்த சாட்சி ஒரு நிலப்படம். அதில் சாச்சியின் வயல் காட்டுக்குரிய இளம்பச்சை. மூலையில் பெயர்: கோமதிநாயகம்.

சாச்சி எதிர்வீட்டுக் கதிரையின் நுனியில் போய் உட்கார்ந்தா.

"சேர், அது வயல் எண்டு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கோ."

"படத்துல தப்பு இல்லம்மா. அன்னிக்கு அங்க இருந்தது புதர்தான். புதர்க்காடுன்னு போட்டேன்."

"நாங்க ஏன் அங்க இல்லாமப் போனம் எண்டு கேட்டீங்களா?"

"அது என் துறை இல்லம்மா."

சாச்சி எழும்பிவிட்டா. வாசலில் திரும்பி, "ஒருக்கா வந்து பாக்கவாவது ஏலுமா?" என்றா. அவர் விறாந்தைப் படத்தைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார்.

பஸ்ஸால் இறங்கி மூவரும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். வழியில் ஓரிடத்தில் அவர் நின்று, "இது வரைக்கும்தான் அப்ப வந்தேன்" என்றார். "உள்ள கண்ணிவெடின்னாங்க."

ஈச்சம் பற்றைக்குள் அவருடைய சட்டை கிழிந்தது. சாச்சி கத்தியால் கொடிகளை விலக்க, கிணற்றுக் கட்டு தெரிந்தது. ஈரச் சீமெந்தில் யாரோ விரலால் எழுதிய பெயர் காய்ந்து கிடந்தது: பக்கீர். சாச்சியின் வாப்பா. பேராசிரியர் குந்தி அந்த எழுத்தைத் தடவினார்.

"சிவாஜினி சொன்னா. உள்ள கிணறுகள் இருக்குன்னு அப்பவே சொன்னா."

"பிறகேன் கீறல்ல?" என்றா சாச்சி.

"அந்த அளவுப் படத்துல கிணறு வராதும்மா. பேனா முனையை வச்சாலே கிணறும் அதைச் சுத்தின இடமும் மறைஞ்சிரும்."

"அப்ப சின்னதா ஒரு பேனா வாங்கியிருக்கலாமே, சேர்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவர், "விசாரணைக்கு வாறேன்" என்றார், எங்கள் ஊர்க்காரர் மாதிரியே.

விசாரணை நாளில் கிழியாத சட்டை போட்டு வந்தார். அதிகாரி அவரைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"சேர்! உங்கட படத்தைப் படிச்சுத்தான் நான் பட்டம் எடுத்தனான். இருங்கோ, இருங்கோ."

அவர் உட்காரவில்லை. "அந்தப் படம் தப்பு" என்றார். "நான் உள்ள போகல. ரோட்டுலயே நின்னேன். அது வயல். கிணறு இருக்கு. இப்ப போய்ப் பார்த்தேன்."

இருபது வருடப் பெருமையை ஒரு மனிதன் இரண்டு மூச்சில் கீழே போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். சாச்சியின் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரி பேனாவை மூடினார். "சேர் இலங்கைப் பிரஜையோ?"

"இல்ல. வதிவிட விசா."

"மனைவி இங்கத்தவர்தானே?"

"இறந்துட்டாங்க."

"ஓம்..." அதிகாரிக்கு உண்மையாகவே கவலைதான். "குறை நினைக்க வேண்டாம், சேர். காணி விசயத்தில வெளிநாட்டவரின்ட கூற்றை நாங்க எடுக்க ஏலாது. படம் பதிவில இருக்கு. அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

புதர்க்காடு என்ற சொல்லில் புதர் எப்போதோ வழியில் விழுந்துவிட்டது. காடு மட்டும் பதிவில் இருந்தது. சாச்சிக்குத் தண்டம் விதித்தார்கள். வயலில் கால் வைக்கக்கூடாது என்றார்கள்.

நாங்கள் எழும்பும்போது அதிகாரி படத்தின் பிரதி ஒன்றை நீட்டினார். "மகளும் புவியியல்தான் படிக்கிறா, சேர். ஒரு கையெழுத்து?"

அவருடைய கை தன்பாட்டில் பையிலிருந்து பேனாவை எடுத்தது. குனிந்து, சாச்சியின் வயலுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை மூலையில் வடிவாக ஒப்பம் வைத்தார். வைத்து முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை மூட மூடியைத் தேடினார். மூடி மற்றக் கையில்தான் இருந்தது.

வெளியே வந்து சாச்சி சொன்னா: "இந்தியாக்காரர் கீறின படம் செல்லும். இந்தியாக்காரர்ட வாய் செல்லாது. அவர்ட கையெழுத்து மட்டும் எல்லா இடத்திலயும் செல்லும்." அவரிடம் அல்ல, என்னிடம்தான் சொன்னா. அவருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்வாசலால்தான் வருவா, எதிர்வீட்டைப் பார்க்காமல் இருக்க. விறாந்தைச் சுவரில் இப்போது ஒரு ஆணி மட்டும் இருக்கிறது. படம் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி, யாரும் சொல்லாமலே, நான் அவருடைய பெயர்ப்பலகையில் இருந்த சூயிங்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

நேற்றுப் பாண் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். றிப்தி நானா ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை.

"சேர், கடல் எந்தப் பக்கம்?"

அவர் திரும்பினார். வெயிலைப் பார்க்கவில்லை. கையை நீட்டவும் இல்லை.

"தெரியலம்மா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

பாணை வாங்காமலே போனார். கடை வாசலில் நின்றாலே அலைச் சத்தம் கேட்கும்.