வாசலுக்குப் போட்ட கட்டு

எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது, தட்டிதான். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பனையோலை வைத்துத் தைத்த தட்டி. வெளியே போகும்போது இழுத்துச் சாத்திவிட்டு, பக்கத்துக் கம்பத்தோடு ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டுப் போவோம். கயிறு சுற்றியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் காலனியில் அப்போது எல்லா வீட்டுக்கும் அதுதான் காவல்.

பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி லாரியோடு வருவார். கடலூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனால் சித்திரைக் கடைசியில்தான் திரும்புவோம். காலனியில் பாதிப் பேர் போவார்கள். மீதிப் பேர் அணைத் தண்ணீர் பாயும் நிலங்களில் கூலி வேலை செய்துகொண்டு ஊரிலேயே இருப்பார்கள். அவர்களும் காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். பகலில் காலனியில் கோழிகள்தான் இருக்கும்.

எனக்குக் கல்யாணமான வருஷம், வெட்டு முடிந்து திரும்பி வந்தபோது தட்டி சாய்ந்து கிடந்தது. என் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடங்கள், செத்துப்போன என் அம்மாவின் தவலை, அப்பா ஆசையாக வாங்கிய ரேடியோ எல்லாம் போயிருந்தன. அடுப்புப் பக்கத்தில் யாரோ செருப்புக் காலோடு நின்ற தடம் இருந்தது. என் மனைவி குடங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்தத் தடத்தையே பார்த்தாள்.

"நா சோறாக்குற எடத்துல வந்து நின்னுட்டுப் போயிருக்கான்" என்றாள்.

அடுத்த வெட்டுக்குப் புறப்படும் முன்பு, கார்த்திகையிலிருந்தே எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். வீட்டை எதை நம்பி விட்டுப் போவது? நான் அதிகம் பேசமாட்டேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசியதெல்லாம் அப்பாவும், என் மனைவியும், அவளுடைய அண்ணனும்தான்.

"ஒரு பூட்டு வாங்கிப் போட்டுடலாம் மாமா" என்றாள் என் மனைவி, அப்பாவிடம்.

"தட்டிக்குப் பூட்டா? வர்றவன் தட்டியப் பேத்து பூட்டோட தூக்கிகினு பூடுவான். அப்புறம் தட்டியும் நஷ்டம், பூட்டும் நஷ்டம்."

"அப்ப நாய் வளங்க" என்றான் மச்சான்.

"நாம நாலு மாசம் இல்லாதப்போ அதுக்கு யாருடா சோறு போடுவா? திருடன்தான் போடணும். அப்புறம் அது அவன் நாயி."

"வூட்ட சுத்தி முள்ளு வெட்டிப் போட்டுட்டுப் போலாம்."

"மறுநாளே காலனி பொம்பளைங்க அடுப்புக்கு ஆச்சுன்னு வாரிகினு பூடுவாளுங்க. உந்தங்கச்சியே மொத ஆளா வாருவா."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா அப்படித்தான். எதைச் சொன்னாலும் ஆளைச் சிரிக்கவைத்து வாயை மூடிவிடுவார். கடைசியில் தன் யோசனையைச் சொன்னார். முனியிடம் சொல்லி வாசலுக்குக் கட்டுப் போடுவது.

மலை ஏறும் பாதையில் ஒரு பெரிய புளியமரம். அதன் அடியில் எங்கள் முனி இருக்கிறார். பூசாரி மேலே மலையில் இருக்கும் ஊர்க்காரர், சந்தை நாளில் இறங்கி வருவார். கறுப்புக் கயிற்றில் வேப்பிலையும் மஞ்சள் துண்டும் கோத்து, வாசலுக்குக் குறுக்கே கட்டித் திருநீறு போடுவார். வீட்டு ஆட்கள் எல்லோரும் அந்தக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதன்பிறகு அந்த வீடு முனியின் பொறுப்பு. தொட்டு நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பிவந்து, கோழி அறுத்துத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். நடுவில் யாராவது தாண்டினால் தாண்டியவனுக்கு ஆகாது. வீட்டுக்காரர்களில் ஒருவரே அறுத்துவிட்டால் மற்றவர்களுக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்கள் அப்போது இல்லை. திருடர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தானே.

"பூட்ட ஒடைக்க இரும்பு போதும். இத ஒடைக்க எவனுக்கு மனசு வரும்?" என்றார் அப்பா.

நாங்கள் மூவரும் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டு அண்ணி வந்து பார்த்தாள். அவள் என் பெரியப்பா மகனுடைய மனைவி. புருஷன் இறந்துபோய்விட்டார். நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சண்டை போட்டுக்கொண்டு திரும்பிவந்து வீட்டோடு இருந்தாள்.

"மாமா, உங்க வூட்ல இன்னா ராஜா சொத்தா கீது, முனிய காவலுக்கு வெக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நீ திருட வந்துடுவியோன்னு பயந்துதான்" என்றார் அப்பா.

அந்த வருஷம் மாசி மாதத்தில், கரும்புக் காட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமல் விடவில்லை. கரும்புக் கட்டு சுமக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் போய்ப் படுத்திருந்து உடம்பைத் தேற்றிக்கொள்வதாகச் சொன்னார். கூட வருகிறேன் என்றேன்.

"நீ வந்தா அவ தனியா வெட்டுவாளா? ஜோடி ஒடஞ்சா மேஸ்திரி இன்னொரு ஜோடிய தேடுவான். நா இன்னா கைக்கொழந்தயா? பஸ் ஏறுனா கள்ளக்குறிச்சி. அங்க டவுன் பஸ்ல மாறுனா நம்மூரு. எதிர்ல அவ இருக்கா, கஞ்சி ஊத்த மாட்டாளா?"

அண்ணியைத்தான் சொன்னார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, போ போ என்று கையை அசைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லியும் அண்ணி சொல்லியும்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் காலனிக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணியும் மகளும்கூட இல்லை, அவர்கள் தட்டியிலும் கயிறு சுற்றியிருந்தது. எங்கள் வாசலில் கட்டு அப்படியே இருந்தது, வேப்பிலை மட்டும் காய்ந்திருந்தது. குனிந்து நுழைந்திருக்கலாம். கயிற்றை அறுத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. வீட்டின் பின்பக்கம், அடுப்பு இருக்கும் சாய்ப்பில், கீற்று மறைப்பு ஒன்று உண்டு. அதைத் தூக்கிவைத்துவிட்டுத் தவழ்ந்து உள்ளே போயிருக்கிறார். ஆடு நாய் வரக்கூடாது என்று மறைப்பைத் திரும்ப இழுத்து வைத்திருக்கிறார். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வந்ததும் எழுந்துபோய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தவர்தான், பிறகு எழுந்திருக்க முடியவில்லை. குரலும் போய்விட்டது. கையெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு கிடந்தது. அதை எடுத்துத் தரையில் தட்டினார்.

வேலையிலிருந்து வந்த அண்ணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தாள். கயிறு அறுபடவில்லை. வேப்பிலை அசையவில்லை. யாரும் உள்ளே போகவில்லை. அப்படியென்றால் உள்ளே தட்டுவது யார்? அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சூடம் எடுத்துவந்து எங்கள் வாசலில் ஏற்றி, விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் காலனியே வந்தது. உள்ளேயிருந்து தட்டும் சத்தத்தோடு ஒரு உறுமலும் வந்தது. அப்பாவின் தொண்டைக்குள் மாட்டிக்கொண்ட இருமல் அது. முனி உக்கிரமாக இருக்கிறார் என்று சொல்லிக் குழந்தைகளைத் தூரமாக இழுத்துக்கொண்டார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். தட்ட வேண்டாம் சாமி, என்ன குறை என்று சொல் சாமி என்று கேட்டார்கள். அவர் தட்டத் தட்ட இவர்கள் சூடம் ஏற்றினார்கள். ஒருத்தரும் வாசலைத் தாண்டவில்லை.

சந்தை நாளில் பூசாரி புளி மூட்டையோடு மலையிலிருந்து இறங்கினார். அண்ணி ஓடிப்போய், "உங்க சாமி எங்க எதிர்வூட்ல பேசுதுங்க" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். பூசாரி வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"சாமிக்கு எதுக்கும்மா சொம்பு? உள்ள மனுசன் கீறான்" என்று சொல்லி, தான் கட்டிய கயிற்றைத் தானே அறுத்தார்.

கரும்பு லாரி டிரைவர் ஒருவர் மூலம் சேதி வந்து, நானும் என் மனைவியும் கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா சுவரோரம் ஒரு கட்டிலில் கிடந்தார். கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். முன்னமே கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். தலையை ஆட்டினேன்.

குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா சிரிக்கப் பார்த்தார்.

"என்னிய சாமியாக்கிட்டாளுங்கடா. ஒரு வாய் தண்ணி குடுக்கல, சூடமா கொளுத்துறாளுங்க. வூடெல்லாம் பொக."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் கயித்த அறுத்துட்டு முன்பக்கமா போயிருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டேன்.

"மூணு பேரும் தொட்டுகினு நின்னோம். நா அறுத்தா உங்க ரெண்டு பேருக்கும்தான ஆவாது? நீங்க அங்க கத்தி புடிச்சிகினு நிக்கிறீங்க" என்றார்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "எதுத்த வூட்டுப் பொண்ணு புருசனாண்ட பூட்டாளா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. ஏன்?"

"அவ ஆத்தா என்னாண்ட கேட்டுக்கினா. எல்லாரும் போன அப்புறம் தனியா வந்து வாசல்ல ஒக்காந்துகினு கேட்டா. எம்பொண்ண அவன்கூட சேத்து வெய்யி சாமி, மாமியாக்காரி அடிக்கிறா சாமின்னு ஒண்ணு ஒண்ணா சொல்லி அழுவுறா. நா சொம்ப தட்டுனேன். சரின்னு சொல்றேன்னு நெனச்சிகினு எழுந்து பூட்டா." அதற்குமேல் மூச்சு வாங்கியது. "நீ போய் விசாரி. பாவம்டா."

விசாரிக்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் பொழுது விடியும்போது அப்பா இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடியும்வரை அண்ணி எங்கள் வாசலுக்கே வரவில்லை. மற்றவர்கள் வந்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் தன் வீட்டு வாசலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. காலனியே சேர்ந்து கும்பிட்ட வாசல், யார் யாரைச் சொல்வது? அவள் போய்ச் சொல்லாவிட்டால் பூசாரியும் வந்திருக்க மாட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு என் மனைவி என்னைப் போகச் சொன்னாள். நான் போய் அண்ணியின் எதிரில் நின்றேன். என்னால் எதையும் நானாக ஆரம்பிக்க முடியாது. அவள்தான் கேட்டாள்.

"தம்பி, மாமா என்னப் பத்தி எதுனா சொன்னாரா? திட்டுனாரா?"

"இல்ல அண்ணி. பாப்பா புருசனாண்ட பூட்டாளான்னு கேட்டாரு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் இரண்டு கையாலும் முகத்தில் அடித்துக்கொண்டாள். அவளைத் தடுக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அவளுடைய மகள் வந்துதான் கையைப் பிடித்தாள். அந்தப் பெண் அப்போது போகவில்லை, பிறகும் போகவில்லை. இங்கேயே கூலி வேலை செய்து பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த தை பிறந்தது. மேஸ்திரி சொல்லியனுப்பினார். வீட்டை என்ன செய்வது என்று இந்தத் தடவை எங்களுக்குள் பேச்சே எழவில்லை. பேச ஆளில்லை. புறப்படும் காலையில் மச்சான் கச்சிராயபாளையத்திலிருந்து பலகைக் கதவும் பூட்டும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். என் மனைவி பூட்டப் போனாள். அண்ணி தெருவைத் தாண்டி வந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் எங்கள் வாசலில் கால் வைத்தது அன்றுதான்.

"பூட்டாத கண்ணு. தொறந்து போட்டுட்டுப் போங்க. நா தெனைக்கும் உள்ள வந்து பாத்துட்டுப் போறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கதவைத் திறந்துவிட்டு லாரி ஏறினோம்.

சித்திரையில் திரும்பி வந்தோம். வீடு சாணி போட்டு மெழுகியிருந்தது. பானையில் புதுத் தண்ணீர் இருந்தது. அண்ணி அழுதுகொண்டே எதிரில் வந்தாள். பங்குனியில் ஒரு நாள் அவள் நடவுக்குப் போயிருந்த நேரம் யாரோ உள்ளே நுழைந்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் இரண்டு புடவையையும் எடுத்துப் போய்விட்டார்களாம். எங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அன்றிலிருந்து சோறு இறங்கவில்லையாம்.

"என்ன நம்பித்தான வுட்டுட்டுப் போன" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனா போவட்டும் அக்கா" என்றாள் என் மனைவி. "போன வருசம் இந்தத் திருடன் உள்ள வந்திருந்தா மாமா பொழச்சிருப்பாரு."

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். நான் மூட்டையை உள்ளே கொண்டுபோய் இறக்கினேன்.