இரண்டு முறைக்கு மேல் கூடாது

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் எங்கள் நகரின் நலச்சங்கத்துக்கு, நகர் உருவான நாளிலிருந்து ஒரே தலைவர். மழை பெய்தால் தெருக்கோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறும். அவர் வாசலில் மட்டும் ரோடு உயர்ந்துகொண்டே போகும். கேட்டால், "கால்வாய் கேட்டு மனு குடுத்திருக்கோம் மேடம்" என்பார். பதில் வராது, தண்ணீர் வந்துவிடும்.

பொறுத்தது போதும் என்று சங்கத்தின் பைலாவையே திருத்தக் கிளம்பினேன். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது, ஏற்கெனவே இருந்த காலமும் கணக்கில் சேரும். வீடு வீடாக ஏறி இறங்கினேன். "நல்ல ஐடியாக்கா, ஆனா என் பேர மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்கள். எப்படியோ பொதுக்குழுவில் கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. தலைவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் நிற்கிறேன்" என்றேன். எனக்கென்ன வெட்கம், அந்த நாற்காலி மேல் எனக்கு ஆசை இருந்தது. அதில் உட்கார்ந்து அந்தக் கால்வாயைக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை.

"தாராளமா நில்லுங்க மேடம்" என்றார் அவர். "ஆனா பைலாப்படி வீட்டு ஓனர்தான் மெம்பர். உங்க வீடு சார் பேர்லதானே இருக்கு?"

இத்தனை வருடம் கூட்டத்துக்கு வந்ததும் கை தூக்கியதும் நான்தான். அப்போதெல்லாம் யாரும் இதைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் பாதி என் சம்பளம் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைக்கு மேல் விமானம் தாழ இறங்கியது. வழக்கம்போல் எல்லோரும் அது போகும்வரை காத்திருந்தார்கள். சத்தம் அடங்கியதும் எனக்கு முன்னால் யாரோ முந்திக்கொண்டார்கள்: "அப்ப சாரே நிக்கட்டுமே!"

என் கணவர் அன்று வந்ததே என்னை வண்டியில் அழைத்துப் போகத்தான். போட்டியில்லாமல் தேர்வானார். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மறுக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

பிறகு மனு எழுதியது நான், அலுவலகம் அலுவலகமாகக் கால்கடுக்க நின்றது நான். கால்வாய் வந்தது. "சார் சாதிச்சிட்டாரு" என்றது தெரு. நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதை என் வீட்டிலேயே பார்த்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இப்போது அவருடைய இரண்டாவது முறையும் முடியப்போகிறது. நேற்று காலை காபி குடித்தபடி சொன்னார்: "இந்த ரெண்டு தடவ ரூல் கொஞ்சம் ஓவரும்மா. வேலை தெரிஞ்சவங்களுக்கு டைமே பத்தல. அத எடுத்துடலாம். நீதான் நல்லா எழுதுவியே, அந்தத் திருத்தத்த எழுதிக் குடேன்."

"எழுதறேன். அப்படியே ஓனரோட மனைவியும் மெம்பர்னு ஒரு வரி சேத்துடவா?"

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இப்ப என்னம்மா அவசரம்?" என்றார். பழைய தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு.