வெள்ளிக் கை பட்ட குட்டி

மழைக்கு முன்னாடி ஒரு காத்து வரும் பாருங்க... ஈரக் கரிசல் மண் வாசத்தோட. அதை மூக்கு நிறைய இழுக்கும்போதே நான் வாசலுக்கு வந்து நின்னுருவேன். இன்னைக்கும் அப்படித்தான்.

மத்தவங்களுக்கு ஐப்பசி மழைன்னா டீயும் பஜ்ஜியும். பட்டாசுக் கம்பெனியில வேலை பார்த்தவளுக்கு மேகம் கறுத்தாலே கண்ணு வானத்துலதான் இருக்கும்.

அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. சிவகாசிக்குப் பக்கத்துல நாரணாபுரத்துல ஒரு கம்பெனி, கம்பி மத்தாப்பு செய்யுற ஷெட்டுல வேலை. மருந்துல முக்கின கம்பியைச் சட்டம் சட்டமா அடுக்கி வெயில்ல காய வைக்கணும். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல இருக்கும், மழையும் அப்பதான் வந்து தொலையும். சாயங்காலம் பார்த்தா முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். எம்புட்டுத் தேய்ச்சாலும் நகக்கண்ணுல கொஞ்சம் நிக்கும்.

அந்த மருந்துல பச்சை உப்புன்னு ஒண்ணு கலப்பாங்க. வயித்துக்குள்ள போனா விஷம். டிபன் பாக்ஸைத் தொறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கை கழுவணும்னு சேர்ந்த முதல் நாளே சொல்லிட்டாங்க.

இடிச் சத்தம் கேட்டா போர்மேன் விசில் ஊதிருவாரு. கையில இருக்கிறதை அப்படியே வச்சுட்டு கேட் பக்கத்து ஓட்டுக் கொட்டகைக்கு ஓடணும். மின்னல் நிக்கிற வரைக்கும் அங்கனதான். ஒவ்வொரு இடிக்கும் எல்லாரும் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திக் கேட்போம். அது இடிதானா, வேற சத்தமான்னு...

சொன்னா சிரிப்பீங்க, அம்புட்டுப் பயத்துலயும் எனக்கு அந்த நேரம் பிடிக்கும். ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவக் கூடாதுன்னு ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல நிறைய இடம் விட்டிருப்பாங்க இல்லையா... அது பூரா ஆவாரம்பூ மஞ்சளாப் பூத்துக் கிடக்கும். தட்டான் கூட்டம் கூட்டமாப் பறக்கும். ஈர மண்ணுல செக்கச் செவேல்னு, வெல்வெட் துணி மாதிரி குட்டிக் குட்டிப் பட்டுப்பூச்சி ஊரும். தொட்டுப் பார்க்க ஆசையா இருக்கும். என் கையைப் பார்த்துட்டு, ஒரு இலையில ஏத்தி வேடிக்கை பார்ப்பேன்.

பூச்சிக்குப் பார்த்த கையை, பூனைக்குட்டிக்குப் பார்க்க மறந்துட்டேன்.

கொட்டகைக்குப் பின்னாடி உடைஞ்ச சட்டத்தையெல்லாம் குவிச்சுப் போட்டிருப்பாங்க. ஒருநாள் விசில் ஊதி நாங்க அங்க நிக்கும்போது, அந்தக் குவியலுக்குள்ள இருந்து மெல்லிசா ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா ரெண்டு குட்டி. மண்ணு நிறம், கால்ல கோடு கோடா... தாய் இல்லாத குட்டி போலன்னு ஒண்ணைத் தூக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டேன்.

எஸ்தர் அக்கா பார்த்துட்டாங்க. எங்க தெருவுலயே இருக்கிறவங்க, என் பக்கத்துச் சட்டம் அவங்களுக்கு.

"ஏ புள்ள, கீள வையி. அது வீட்டுப் பூனை இல்ல, காட்டுப்பூனை. ஆத்தாக்காரி இங்கனதான் எங்கயாவது நின்னு பார்த்துக்கிட்டு இருப்பா."

"அநாதையாக் கிடக்குன்னு நெனச்சுட்டேன்க்கா."

"தூக்குனது கூடப் போகட்டும். ஒன் கையப் பாரு."

பார்த்தேன். குட்டி முதுகுல என் நாலு விரலும் வெள்ளியா விழுந்திருந்துச்சு.

மழைத் தண்ணியில துப்பட்டாவை நனைச்சுத் துடைச்சேன். துடைக்கத் துடைக்க இன்னும் பரவுச்சு. அக்கா கோபமாத்தான் சொன்னாங்க, "அதுக ஆத்தா நக்கித்தான் புள்ளயக் குளிப்பாட்டும். என் புள்ளயவே நான் குளிக்காமத் தொடுறதில்ல. நீ பாட்டுக்கு..."

அது எனக்குத் தெரியும். அக்காவுக்கு எட்டு மாசக் கைக்குழந்தை. சாயங்காலம் கம்பெனி வேன்ல வந்து இறங்கினா, அது ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அழும். அக்கா அந்தப் பக்கம் திரும்பாம குளிக்கப் போயிருவாங்க. முன்னெல்லாம் என்ன மனசு இவங்களுக்குன்னு நெனச்சிருக்கேன்.

போர்மேன் கூப்பிட்டுட்டாரு. குட்டியை எடுத்த இடத்துலயே வச்சுட்டுப் போனேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கல. கை கழுவும்போதெல்லாம் அந்த முதுகு ஞாபகம் வரும். அடுத்த நாள் போய்ப் பார்த்தா குவியல் காலி. எங்க கொண்டு போச்சு, உசுரோட கொண்டு போச்சா, ஒண்ணும் தெரியல.

தீபாவளி லீவுக்கு முந்தின கடைசி நாள் மத்தியானம், எஸ்தர் அக்கா என் தோளைத் தட்டினாங்க. ஆவாரஞ்செடிக்கு நடுவுல தாய்ப் பூனை நடந்து போகுது. நீளக் கால், குட்டை வால், வால் நுனியில கறுப்பு வளையம். பின்னாடி ரெண்டு குட்டி.

ரெண்டு முதுகையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். ஒண்ணுலயும் வெள்ளி இல்ல.

"பொழச்சுக்கிருச்சுக்கா"ன்னேன். அக்கா தாய்ப் பூனையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அந்த வெள்ளி எங்க போயிருக்கும்னு...

லீவு முடிஞ்சு வந்தா, செடியெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணியிருந்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பூனையை நான் பார்க்கவே இல்ல.

இப்ப விருதுநகர்ல தையல் கடை வச்சிருக்கேன். கையில நூலும் சாக்பீஸும்தான். மழைக்காலத்துக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்ல. ஆனாலும் இடி இடிச்சா மெஷினை நிறுத்திட்டுக் காது கொடுப்பேன். பக்கத்துக் கடைக்காரங்களுக்கு அது புரியாது.

போன வாரம் சாத்தூர்ல இருந்து வண்டியில வந்துக்கிட்டு இருந்தோம். தூறல். ரோட்டோரம் ஆவாரம்பூ. பின்னாடி இருந்த என் மக, "அம்மா நிறுத்துங்க, பூனைக்குட்டி"ன்னா. இறங்கிப் பார்த்தா புல்லுக்குள்ள மண்ணு நிறத்துல ஒண்ணு, கால்ல அதே கோடு. பயமே இல்லாம எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"தொட வேணாம் பாப்பா, அதோட அம்மா வரும்"னேன்.

"நான் தொடலம்மா. நீங்க ஏன் கையைப் பின்னாடி வச்சிருக்கீங்க?"

அவ கேட்டப்புறம்தான் பார்த்தேன்... என் ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு.